புயம், பிரேக்கியம், கைபோன்ற மற்றவை: ஒரு பெயர் எங்கெல்லாம் போகிறது?

கேள்வி இது: "உடற்கூறியலில் பிரேக்கியம் என்றால் தோளிலிருந்து முழங்கை வரை மட்டும்தான் என்கிறார்கள். மூளையைப் படிக்கும்போது அங்கேயும் பிரேக்கியம் வருகிறது. விலங்கியலில் பிரேக்கியோபோடா என்று ஒரு தொகுதியே இருக்கிறது. இவற்றுக்குள் என்ன தொடர்பு? ஆக்டோபஸின் கைகளும் இந்தக் கணக்கில் வருமா?"

நேராகச் சொல்லிவிடுகிறேன். பிரேக்கியம் என்ற பெயர் இரண்டு வேலை பார்க்கிறது. ஒரு வேலை, உடம்பில் ஓர் இடத்துக்குப் பெயராக இருப்பது. தோள்மூட்டுக்கும் முழங்கை மூட்டுக்கும் நடுவே உள்ள பகுதி, அவ்வளவுதான். இன்னொரு வேலை, உருவத்தைச் சொல்வது. ஓரிடத்திலிருந்து கைபோல நீண்டு இன்னோர் இடத்தைப் போய்த் தொடுகிற எதற்கும் அந்தப் பெயரை வைத்துவிடுகிறார்கள். தசை, தமனி, நரம்பு ஆகியவற்றின் பெயர்களில் வருவது பெரும்பாலும் முதல் வகை. மூளையில் வருவது இரண்டாவது. இந்தப் பெயர் கண்ணில் பட்டதும் "இது இடமா, உருவமா?" என்று கேட்டுக்கொண்டால் குழப்பத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். நாம் சாதாரணமாகக் கை என்று சொன்னால் அது தோளிலிருந்து விரல்நுனி வரை எதுவாகவும் இருக்கலாம். கை கழுவு என்றால் ஒன்று, கையைத் தூக்கு என்றால் வேறொன்று. பேச்சுக்கு அது போதும். எலும்பு எங்கே முறிந்தது என்று எழுதவேண்டிய மருத்துவருக்குப் போதாது. அதனால் உடற்கூறியல் அதை மூன்றாகப் பிரிக்கிறது: மேலே புயம், நடுவில் முன்கை, கடைசியில் மணிக்கட்டும் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த பகுதி. பேச்சில் நாம் புஜம் என்கிற புயம்தான் லத்தீனில் பிரேக்கியம். முன்கை ஆன்டிபிரேக்கியம், அதாவது புயத்துக்கு முன்னால் இருப்பது. தோள் தனிப் பகுதி. எனவே தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசை கீழே வந்து புய எலும்பில்தான் ஒட்டுகிறது என்றாலும், அது தோள் தசைகளின் பட்டியலில்தான் சேரும்.

இதே கறார் காலிலும் உண்டு, ஆனால் தலைகீழாக. லத்தீனில் க்ரூஸ் என்பது முழங்காலுக்குக் கீழே கணுக்கால் வரை உள்ள பகுதி மட்டும். ஆங்கிலப் பாடநூல்களில் கைக்கான பொதுச் சொல்லை மூட்டுக்கு மேலே உள்ள பகுதிக்கும், காலுக்கான பொதுச் சொல்லை மூட்டுக்குக் கீழே உள்ள பகுதிக்கும் ஒதுக்கிவிட்டார்கள். முதலாண்டு மாணவர்கள் தேர்வில் தடுக்கி விழும் இடங்களில் இது ஒன்று.

புயத்தில் எலும்பு ஒன்றே ஒன்று, ஹியூமரஸ். முன்கையில் இரண்டு, ரேடியஸும் அல்னாவும். இந்த 'மேலே ஒன்று, கீழே இரண்டு' என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விலங்குகளுக்குப் போகும்போது தேவைப்படும். புயத்தைச் சுற்றி உறைபோல ஒரு திசுப்படலம் இருக்கிறது. அதிலிருந்து இருபுறமும் உள்ளே நீளும் தடுப்புச் சுவர்கள் எலும்பில் ஒட்டி, புயத்தை முன்னறை, பின்னறை என்று பிரிக்கின்றன. முன்னறையில் மூன்று தசைகள்: பைசெப்ஸ் பிரேக்கியை, பிரேக்கியாலிஸ், கோரகோபிரேக்கியாலிஸ். மூன்றுக்கும் முதன்மையான நரம்பு ஒன்றே, மஸ்குலோகியூட்டேனியஸ். பின்னறையில் டிரைசெப்ஸ் பிரேக்கியை. அதற்கு ரேடியல் நரம்பு.

பைசெப்ஸோடு பிரேக்கியை என்று ஏன் ஒட்டுகிறார்கள் என்றால், அது முகவரி. பைசெப்ஸ் என்பது இரண்டு தலை உள்ள தசை. தொடையின் பின்புறத்திலும் இரண்டு தலைத் தசை ஒன்று உண்டு, பைசெப்ஸ் ஃபெமோரிஸ். கெண்டைக்காலில் உள்ள தசைக்கூட்டத்துக்கும் டிரைசெப்ஸ் என்ற பெயர் உண்டு, டிரைசெப்ஸ் சூரே. ஆகவே வெறும் பைசெப்ஸ், டிரைசெப்ஸ் என்பது உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சரி. அறுவை சிகிச்சைக் குறிப்பில் முகவரியோடுதான் எழுதவேண்டும்.

இந்தத் தசைகளை உங்கள் உடம்பிலேயே பார்த்துவிடலாம். வலது முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, உள்ளங்கை தரையைப் பார்க்க வையுங்கள். இடது கையால் வலது புயத்தின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது முழங்கையை அசைக்காமல், உள்ளங்கையை மட்டும் மேல்நோக்கித் திருப்புங்கள். கொஞ்சம் பலம் கொடுத்துத் திருப்பினால் இன்னும் நன்றாகத் தெரியும். முழங்கை மேலும் மடங்கவே இல்லை, ஆனாலும் பைசெப்ஸ் உருண்டு எழுந்து நிற்கும். இதன் தசைநார் போய் ஒட்டுவது ரேடியஸில், அதுவும் அந்த எலும்பின் உள்பக்க மேட்டில். அங்கிருந்து இழுத்தால் ரேடியஸ் சுழலும், அதோடு உள்ளங்கை மேலே திரும்பும். வலது கைக்காரருக்கு ஸ்க்ரூவை இறுக்கும் பலம் இங்கிருந்துதான் வருகிறது.

அப்படியானால் முழங்கையை மடக்குவது யார்? பைசெப்ஸும் உதவுகிறது. ஆனால் உள்ளங்கை எந்தப் பக்கம் பார்த்தாலும் சளைக்காமல் மடக்குவது அதற்கு அடியில் ஒளிந்திருக்கும் பிரேக்கியாலிஸ். அது ஒட்டுவது அல்னாவில். அல்னா சுழலாது, கீல்போல மடங்கும், நீளும், அவ்வளவே. அதனால் உள்ளங்கையின் திசை பிரேக்கியாலிஸுக்கு ஒரு பொருட்டே இல்லை. கண்ணுக்குத் தெரிகிற தசைக்குப் பெயர் கிடைக்கிறது, அடியில் கிடப்பது வேலையைச் செய்கிறது!

பிரேக்கியோரேடியாலிஸ் என்று ஒன்று வரும். பெயரில் பிரேக்கியம் இருக்கிறதே என்று அதைப் புயத்தில் சேர்த்துவிடாதீர்கள். அது புய எலும்பின் கீழ்ப்பகுதியில் கிளம்பி, மணிக்கட்டுக்கு அருகில் ரேடியஸில் முடிகிறது. அதன் சதை முன்கையில்தான் கிடக்கிறது, அதை முன்கைத் தசையாகவே கணக்கிடுகிறார்கள். முழங்கையை மடக்கும் தசையாக இருந்தும் அதற்கு நரம்பு ரேடியல். பொதுவாக மடக்குவதற்கு ஒரு நரம்பு, நீட்டுவதற்கு ஒரு நரம்பு என்ற பாகப்பிரிவினைக்கு இது விதிவிலக்கு. கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு மிகவும் பிடித்த தசை.

அடுத்து பிரேக்கியல் தமனி. அக்குளில் ஓடும் தமனி, டெரஸ் மேஜர் என்ற தசையின் கீழ் விளிம்பைத் தாண்டியதும் இந்தப் பெயரை எடுத்துக்கொள்கிறது. குழாய் அதேதான், எல்லையைக் கடந்ததால் பெயர் மட்டும் மாறுகிறது. முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே ரேடியல், அல்னார் என்று இரண்டாகப் பிரிந்து முடிகிறது. புயத்தின் உள்பக்கம், பைசெப்ஸின் ஓரமாக ஓடும் பள்ளத்தில் இரண்டு விரல்களை வைத்து எலும்பை நோக்கி மெதுவாக அழுத்தினால் துடிப்பு தெரியும். கைக்குழந்தைக்கு நாடி பார்க்க அந்த இடத்தைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். குழந்தையின் கழுத்து குட்டையாகவும் சதைப்பிடிப்பாகவும் இருப்பதால் அங்கே நாடியைக் கண்டுபிடிப்பது சிரமம்.

இரத்த அழுத்தத்தைப் புயத்தில் அளப்பதற்கும் காரணம் இந்த அமைப்புதான். பட்டையைக் கட்டுவது ஒரே எலும்பின்மேல், நசுக்குவது ஒரே பெரிய தமனியை, அதுவும் ஏறக்குறைய இதயத்தின் உயரத்தில். முன்கையில் தமனி இரண்டாகிவிடுகிறது, எலும்பும் இரண்டு. கை இதயத்துக்குக் கீழே தொங்கினால் அளவு கூடுதலாகக் காட்டும், மேலே தூக்கினால் குறைவாகக் காட்டும். மேசையில் கையைத் தாங்கி வைக்கச் சொல்வது அதற்காகத்தான். பட்டையைத் தளர்த்திக்கொண்டே முழங்கை மடிப்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கும் முறையை ரஷ்ய அறுவை மருத்துவர் நிக்கோலாய் கொரோட்காஃப் 1905-இல் அறிவித்தார். அப்போது கேட்கும் சத்தங்களுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

இதே தமனிக்கு ஓர் ஆபத்தான இடம் உண்டு. சிறுவர்கள் நீட்டிய கையை ஊன்றி விழும்போது புய எலும்பு முழங்கைக்குச் சற்று மேலே முறிவது வழக்கம். முறிந்த முனை முன்பக்கம் தள்ளினால் பிரேக்கியல் தமனி நசுங்கலாம், கிழியலாம். முன்கைத் தசைகளுக்கு இரத்தம் போகாமல் அவை சுருங்கிப்போய், விரல்கள் நிரந்தரமாக மடங்கிவிடும் நிலைக்கு ஃபோல்க்மன் சுருக்கம் என்று பெயர். அதனால்தான் அப்படிப்பட்ட முறிவோடு வரும் குழந்தைக்கு எக்ஸ்ரே எடுப்பதோடு நிறுத்தாமல் மணிக்கட்டில் நாடியையும் விரல்களின் நிறத்தையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.

புய எலும்பை ஒட்டிப்போகும் நரம்புகளும் இப்படித்தான், எங்கே முறிந்தது என்பதைப் பொறுத்து எந்த நரம்பு மாட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். எலும்பின் மேல்கழுத்தில் முறிந்தால் ஆக்சிலரி நரம்பு. நடுத்தண்டில் முறிந்தால் ரேடியல் நரம்பு, ஏனென்றால் அது எலும்பின் பின்புறம் சாய்வாக ஒரு பள்ளத்தில் எலும்போடு ஒட்டியே போகிறது. அது செயலிழந்தால் மணிக்கட்டைத் தூக்கமுடியாது, கை தொங்கும். முழங்கையின் உள்பக்க மேட்டுக்குப் பின்னால் போவது அல்னார் நரம்பு. மேசை விளிம்பில் இடித்துக்கொண்டதும் சுண்டுவிரல் வரை சுரீர் என்று மின்சாரம் பாய்கிறதே, அது இந்த நரம்பு அடிபடுவதால்.

இனி, பெயரில் பிரேக்கியம் இருந்தும் புயத்தில் இல்லாத இரண்டைப் பார்க்கவேண்டும். ஒன்று பிரேக்கியல் நரம்புப் பின்னல். கழுத்துத் தண்டுவடத்தின் ஐந்தாவது நரம்பிலிருந்து மார்புப் பகுதியின் முதல் நரம்பு வரை ஐந்து வேர்கள் சேர்ந்து, மூன்று தண்டுகளாகி, ஆறாகப் பிரிந்து, மறுபடி மூன்று வடங்களாகி, கடைசியில் ஐந்து பெரிய கிளைகளாகப் போகின்றன. இந்தப் பின்னலெல்லாம் கழுத்திலும் அக்குளிலும் முடிந்துவிடுகிறது. புயத்துக்குள் நுழைவது கிளைகள் மட்டும். பெயர் அது இருக்கும் இடத்தைச் சொல்லவில்லை, போய்ச்சேரும் இடத்தைச் சொல்கிறது. பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கி, தலைக்கும் தோளுக்கும் நடுவே இழுபட்டால் மேல் வேர்கள் அடிபடும். அப்போது தோளையும் முழங்கையையும் அசைக்கும் தசைகள் சோர்ந்துபோய், கை உட்பக்கம் திரும்பித் தொங்கும். இது எர்ப் வாதம். கீழ் வேர்கள் அடிபட்டால் பாதிப்பு விரல்களில், அது குளும்ப்கே வாதம்.

இரண்டாவது, பிரேக்கியோசெபாலிக் தமனி. கைக்கும் தலைக்கும் போவது என்று பொருள். இதயத்திலிருந்து வளைந்து வரும் பெருந்தமனியின் முதல் பெரிய கிளை இது, மார்புக்குள்ளேயே இருக்கிறது. வலப்பக்கம் மட்டுமே உண்டு. இடப்பக்கம் தலைக்கும் கைக்கும் தனித்தனித் தமனிகள் நேரடியாகக் கிளம்புகின்றன. ஆனால் இதே பெயருள்ள சிரை இருபுறமும் இருக்கும். தமனி ஒன்று, சிரை இரண்டு. பழைய நூல்களில் இந்தத் தமனிக்குப் 'பெயரில்லாத தமனி' என்றே பெயர்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னும் பெரிய கண்ணி. கிரேக்கத்தில் 'குட்டை' என்பதற்கான சொல்லும் 'புயம்' என்பதற்கான சொல்லும் ஒரே குடும்பம் என்பது பரவலான கருத்து. லத்தீன் எழுத்தில் அவற்றை ஓர் எழுத்து வேறுபாட்டை வைத்துப் பிரித்துவிடலாம். தமிழில் எழுதினால் அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. பிரேக்கியோசெபாலிக் என்றால் கையும் தலையும். பிரேக்கிசெபாலிக் என்றால் குட்டைத் தலை. பக் போன்ற சப்பை முக நாய்களைப் பற்றிச் சொல்வது அது. புற்றுநோய் சிகிச்சையில் வரும் பிரேக்கிதெரபிக்கும் புயத்துக்கும் சம்பந்தமில்லை. கதிர்வீச்சு மூலத்தைக் கட்டிக்குப் பக்கத்திலேயே, குறைந்த தூரத்தில் வைப்பதால் அந்தப் பெயர்.

சரி, மூளைக்கு வருவோம். இங்கே பிரேக்கியம் என்பது முழுக்க உருவப் பெயர். சிறுமூளையை மூளைத்தண்டோடு இணைக்க ஒவ்வொரு பக்கமும் மூன்று தடித்த நரம்பிழைக் கற்றைகள் உண்டு. நடுவில் உள்ளதுதான் மிகப் பெரியது. மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸிலிருந்து (பான்ஸ் என்றால் பாலம்) இருபுறமும் சிறுமூளையை அணைப்பதுபோல நீளும் அதற்குப் பழைய பெயர் பிரேக்கியம் பான்டிஸ், பாலத்தின் கை. மேலே உள்ளதன் பழைய பெயர் பிரேக்கியம் கஞ்சங்டைவம். சிறுமூளையிலிருந்து வெளியே போகும் செய்திகளில் பெரும்பகுதி இந்த வழியாகத்தான் போகிறது, நடுமூளையில் எதிர்ப்பக்கத்துக்குக் கடந்தும் விடுகிறது. இன்றைய நூல்களில் இவை நடுச் சிறுமூளைக் காம்பு, மேல் சிறுமூளைக் காம்பு என்று ஆகிவிட்டன. நரம்பியல் மருத்துவர்களின் பேச்சில் பழைய பெயர்கள் இன்னும் அவ்வப்போது தலைகாட்டும்.

இன்றும் அதிகாரப்பூர்வமாகப் பிரேக்கியம் என்றே நிற்பவை நடுமூளையின் பின்புறம் இருக்கின்றன. அங்கே நான்கு சிறு மேடுகள், மேலே இரண்டு, கீழே இரண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சிறு முகடு பக்கவாட்டில் கைநீட்டி, புலன்செய்திகளை மூளையின் புறணிக்கு அனுப்பும் நடுமையமான தலாமஸ் பக்கம் போகிறது. கீழ்மேட்டின் பிரேக்கியம், காதில் விழுந்த ஒலியின் செய்தியைத் தலாமஸின் உள்பக்கக் கணுவுக்கு எடுத்துச் செல்கிறது. மேல்மேட்டின் பிரேக்கியம் பார்வைக்கானது. அதில் விழித்திரையிலிருந்து வரும் இழைகள் ஓடுகின்றன. கண்ணில் டார்ச் அடித்தால் கண்மணி சுருங்குகிறதே, அந்தச் செய்தி போவதும் இந்த வழியாகத்தான். ஆக கீழ்மேட்டில் செய்தி வெளியே போகிறது, மேல்மேட்டில் முக்கியமாக உள்ளே வருகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் திசையும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

விலங்குகளில் இடமும் உருவமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. முதுகெலும்புள்ளவற்றில் பிரேக்கியம் என்பது கறாரான இடப் பெயர்தான். மேலே ஒரு எலும்பு, கீழே இரண்டு என்ற அமைப்பு நம்மிடம் மட்டும் இல்லை. வௌவால், பறவை, திமிங்கிலம் என்று எல்லாவற்றின் முன்னுறுப்பிலும் அதுதான். சுமார் 37.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டிக்டாலிக் என்ற மீனின் துடுப்பிலும் புய எலும்பு இருக்கிறது. குதிரையைப் பாருங்கள். அதன் முன்காலில் 'முட்டி' என்று நாம் நினைப்பது உண்மையில் மணிக்கட்டு. முழங்கை மார்பை ஒட்டி மேலே இருக்கிறது. புயம் உடலின் தோலுக்குள்ளேயே மறைந்துகிடக்கிறது. திமிங்கிலத்திலும் அப்படித்தான், துடுப்புக்குள் குட்டையாகத் தடித்த ஒரு ஹியூமரஸ்.

இந்த மூன்று பகுதிப் பிரிவினை புத்தகத்துக்காக நாம் போட்ட கோடு இல்லை என்பதற்கு மரபணுவிலேயே சான்று உண்டு. கரு வளரும்போது கைகால்களின் பகுதிகளை வகுக்கும் ஹாக்ஸ் மரபணுக்களில், 11-ஆம் குழுவைச் சேர்ந்த இரண்டை எலிகளில் நீக்கிப் பார்த்தார்கள். ரேடியஸும் அல்னாவும் மிகக் குறுகிப்போயின. புய எலும்பு ஏறக்குறைய அப்படியே இருந்தது. புயத்தையும் முன்கையையும் உடலே தனித்தனியாகத்தான் கட்டுகிறது.

பிரேக்கியோசாரஸ் டைனோசாருக்கு அந்தப் பெயர் வந்தது இந்தப் புய எலும்பால்தான். 1903-இல் எல்மர் ரிக்ஸ் வைத்த பெயர். அதன் ஹியூமரஸ் மட்டும் சுமார் 2 மீட்டர் நீளம், தொடை எலும்பு அளவுக்கு. மற்ற பெரிய டைனோசார்களில் முன்கால் குட்டை, பின்கால் நெட்டை என்றிருக்க, இதன் முன்பக்கம் உயர்ந்து நின்றது. கிப்பன் குரங்கு கைமாற்றிக் கைமாற்றிக் கிளையில் தொங்கிப் போவதற்குப் பிரேக்கியேஷன் என்று பெயர். அது முழுக் கையின் வேலை என்பதால் அங்கே சொல் கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது.

முதுகெலும்பில்லாதவற்றில் பிரேக்கியம் முழுக்க உருவம்தான். நீங்கள் கேட்ட பிரேக்கியோபோடா, பார்க்கச் சிப்பிபோல இரண்டு ஓடு உள்ள கடல் உயிரி. பெயருக்குக் 'கைக்கால்' என்று பொருள். ஓட்டுக்குள் நீரிலிருந்து உணவை வடிக்க, நுண்ணிழைகள் கொண்ட இரு சுருள் கைகள் உண்டு. அவற்றைச் சிப்பி, நத்தை வகைகளின் பாதத்துக்கு இணையானவை என்று அந்தக் காலத்தில் நினைத்ததால் வந்த பெயர். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று பிறகு தெரிந்தது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. நட்சத்திரமீனின் கைகளிலோ செரிமானச் சுரப்பியும் இனப்பெருக்க உறுப்பும் உள்ளேயே நீண்டிருக்கும், நுனியில் ஒளியுணரும் புள்ளி வேறு. அதை நம் கையோடு ஒப்பிட எதுவுமே இல்லை.

கடைசியாக ஆக்டோபஸ். அதற்கு எட்டும் கைகள்தான், உணர்கொம்புகள் இல்லை. அடியோரத்திலிருந்து நுனிவரை உறிஞ்சிகள் இருந்தால் கை, நுனியில் அகன்ற பகுதியில் மட்டும் இருந்தால் உணர்கொம்பு என்பது விலங்கியல் வழக்கம். கணவாய்க்கு எட்டுக் கைகளோடு இரையைப் பிடிக்க இரண்டு நீண்ட உணர்கொம்புகளும் உண்டு. எலும்பே இல்லாததால் ஆக்டோபஸ் கையில் புயம், முன்கை என்று பிரிக்க இடமில்லை. அதன் நரம்பணுக்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அந்தக் கைகளிலேயே இருக்கின்றன. ஆணுக்கு ஒரு கை மட்டும் விந்துப் பையைப் பெண்ணிடம் சேர்ப்பதற்காக மாறியிருக்கும். ஆர்கோனாட் போன்ற சில இனங்களில் அந்தக் கை கழன்றே பெண்ணிடம் தங்கிவிடும். அப்படித் தனியாகக் கிடைத்த கையைப் பார்த்த பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே, 1829-இல் அதை ஓர் ஒட்டுண்ணிப் புழு என்று எண்ணி ஹெக்டோகோட்டிலஸ் என்று பெயர் வைத்தார். புழு இல்லை என்று தெளிவான பிறகும் அந்தக் கைக்கு அதுவே பெயர்.